ஒரு கோடிச் சீட்டு

பங்கு கேட்டவர்கள் – வரலாற்றுத் தொடர்
பகுதி 17

இதுவரை: 1929-இல் பங்குச்சந்தை சரிந்தது. 1933-க்குள் அமெரிக்காவில் உழைக்கும் நால்வரில் ஒருவருக்கு வேலை இல்லை. புதிய அதிபர் ரூஸ்வெல்ட் வங்கிகளைத் தூக்கி நிறுத்தினார், நிவாரணம் கொடுத்தார். ஆனாலும் கேள்வி ஓயவில்லை. "இருக்கிற பணமெல்லாம் யாரிடம் இருக்கிறது?"

1934 பிப்ரவரி 23 இரவு, லூயிசியானாவின் செனட்டர் ஹியூயி லாங் வானொலியில் அதற்குப் பதில் சொன்னதைச் சென்ற வாரம் பார்த்தோம். ஒருவர் 5 கோடி டாலருக்கு மேல் சொத்து வைத்துக்கொள்ளக் கூடாது. மிச்சத்தை அரசு எடுத்து, ஒவ்வொரு குடும்பத்துக்கும் 5,000 டாலர் மதிப்புள்ள வாழ்வாதாரம் தரவேண்டும். முதியவர்களுக்கு ஓய்வூதியம் வேண்டும். இதற்காக அவர் தொடங்கிய 'செல்வத்தைப் பகிர்வோம்' சங்கங்களுக்கு ஒரே ஆண்டில் 27,000 கிளைகள், 75 லட்சம் உறுப்பினர்கள் என்று அவருடைய அலுவலகம் கணக்குச் சொன்னது.

கணக்கு இடிக்கிறது என்றார்கள் பொருளியல் அறிஞர்கள். செல்வம் என்பது பெட்டியில் அடுக்கிய பணமில்லை. அது ஆலையாகவும் நிலமாகவும் ரயில் தண்டவாளமாகவும் கிடக்கிறது. வெட்டிப் பங்கு போட முடியாது என்றார்கள். கேட்டவர்கள் காதில் அது ஏறவில்லை.

வாஷிங்டனில் ஒருவருக்கு மட்டும் வேறொரு கவலை. லாங் சொல்வது நடக்குமா என்பதைப் பற்றி அவர் யோசிக்கவில்லை. அதை எத்தனை பேர் நம்புகிறார்கள்?

* * *

சுரங்கத்திலிருந்து வந்த கணக்கு

அவர் பெயர் எமில் ஹர்ஜா. மிச்சிகனின் சுரங்க ஊர் ஒன்றில் பிறந்த ஃபின்லாந்து வம்சாவளிக்காரர். சுரங்கக் கம்பெனிப் பங்குகளை ஆராய்ந்து பிழைத்தவர். இப்போது ஆளும் ஜனநாயகக் கட்சியின் தலைமையகத்தில் உட்கார்ந்து எண்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

ஒரு மலையில் எவ்வளவு உலோகம் இருக்கிறது என்று பார்க்க மலையையே யாரும் தோண்டுவதில்லை. அங்கங்கே கொஞ்சம் பாறையை எடுத்துச் சோதிக்கிறார்கள். மக்கள் மனதையும் அப்படிச் சோதிக்கலாம் என்பது ஹர்ஜாவின் வாதம். நம் வீட்டுப் பெண்கள் இதை அடுப்படியிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள்: ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்.

1935 வசந்தத்தில் ஹர்ஜா ஒரு காரியம் செய்தார். இல்லாத ஒரு பத்திரிகையின் பெயரில் மாதிரி வாக்குச்சீட்டுகளை அச்சடித்து, நாடு முழுவதும் தபாலில் அனுப்பினார். சீட்டில் ரூஸ்வெல்ட் பெயர் இருந்தது. ஹியூயி லாங் பெயரும் இருந்தது. அனுப்பியது ஆளுங்கட்சி என்று வாங்கியவர்களுக்குத் தெரியாது.

சீட்டுகள் திரும்பி வந்தன. நூற்றுக்கு ஏறத்தாழ 11 பேர் லாங் பக்கம்.

பதினொன்றுதானே என்று தோன்றலாம். கட்சித் தலைவர் ஜேம்ஸ் ஃபார்லிக்கு அப்படித் தோன்றவில்லை. லாங் மூன்றாவது அணியாக நின்றால் 30 முதல் 40 லட்சம் வாக்கு வரை அள்ளுவார் என்று அவர் கணக்குப் போட்டார். நியூயார்க் மாநிலத்தில் மட்டும் ஒரு லட்சம் போனால் அந்த மாநிலமே கைவிட்டுப் போகலாம். லாங் ஒரு தெற்கத்திக்காரர், தெற்கில்தான் அவர் செல்லுபடியாவார் என்று எல்லாரும் நினைத்திருந்தார்கள். சீட்டுகள் வேறு சொல்லின. வடக்கின் தொழில் நகரங்களிலும் அவருக்கு ஆள் இருந்தது.

அதுவரை பெரும்பாலும் கூட்டத்தின் தலையை எண்ணியும், வரும் கடிதங்களை நிறுத்தும்தான் தலைவர்கள் மக்கள் மனதை ஊகித்தார்கள். பங்கு கேட்கும் ஓர் இயக்கத்தின் பலத்தை ஆளுங்கட்சி மாதிரிக் கணக்கெடுப்பால் எடைபோட்டுப் பார்த்தது இங்கேதான் நமக்குத் தெளிவாகத் தெரிகிறது. அந்தக் காகிதம் ரகசியமாகவே இருந்தது. அதன் விளைவு அப்படி இருக்கவில்லை.

* * *

"ஆமென்"

1935 ஜூன் 19. செனட் அவையில் அதிபரின் செய்தி வாசிக்கப்படுகிறது. பெரும் வருமானத்துக்கு அதிக வரி. வாரிசாக வரும் சொத்துக்கு வரி. பெரிய நிறுவனங்களுக்குக் கூடுதல் வரி. செல்வம் ஒரு சிலர் கையில் குவிவது நாட்டுக்கு நல்லதல்ல என்கிறது செய்தி.

லாங் அவைக்குள் உலாத்துகிறார். ஒவ்வொரு வரிக்கும் தம் நெஞ்சைத் தொட்டுக் காட்டுகிறார்: இது என் பேச்சு, இது என் பேச்சு. வாசித்து முடித்ததும் அவர் சொன்னது ஒரே சொல். "ஆமென்."

லாங்கின் முழக்கத்தை அவரிடமிருந்து தாமே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று ரூஸ்வெல்ட் தம்மிடம் பேசியதாக அவருடைய ஆலோசகர் ரேமண்ட் மோலி பின்னாளில் எழுதினார். அந்தக் கோடைக்காலத்தைத் திரும்பிப் பார்த்தால் அது நம்பக்கூடியதாகவே இருக்கிறது. ஜூலை 5-இல் தொழிற்சங்க உரிமைச் சட்டம். ஆகஸ்ட் 14-இல் முதியோர் ஓய்வூதியத்துக்கு வழிசெய்த சமூகப் பாதுகாப்புச் சட்டம். ஆகஸ்ட் 30-இல் புதிய வரிச் சட்டம்.

வரிச் சட்டத்தின் உச்ச விகிதம் 79 சதவீதம். கேட்கவே மலைப்பாக இருக்கும். ஆனால் அது ஆண்டுக்கு 50 லட்சம் டாலருக்கு மேல் வரும் வருமானத்துக்கு மட்டும். நாட்டிலேயே ஜான் டி. ராக்ஃபெல்லர் ஜூனியர் ஒருவர்தான் அந்தப் படியில் நின்றார் என்பார்கள். முழக்கம் பெரிது, வலை சின்னது.

ஓய்வூதியச் சட்டமோ பெரிய வலைதான். அதில் ஓட்டை வேறு இடத்தில் இருந்தது. பண்ணைக் கூலிகளுக்கும் வீட்டு வேலைக்காரர்களுக்கும் அதில் இடமில்லை. தெற்கில் கறுப்பின மக்களில் பெரும்பாலோர் செய்தது அந்த இரண்டு வேலைகளையும்தான். இந்த ஓட்டையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

லாங் அசரவில்லை. தாம் அதிபராகிவிட்டதாகவே கற்பனை செய்து ஒரு புத்தகம் எழுதி முடித்தார். அதில் ரூஸ்வெல்ட்டுக்குக் கடற்படை அமைச்சர் பதவி கொடுத்திருந்தார்.

அந்தப் புத்தகம் அச்சாகி வந்தபோது அவர் உயிருடன் இல்லை.

1935 செப்டம்பர் 8, ஞாயிறு இரவு. லூயிசியானாவின் பேட்டன் ரூஜில் தாமே கட்டிய 34 மாடித் தலைமைச் செயலகத்தின் நடைக்கூடத்தில் அவர் சுடப்பட்டார். சுட்டவராகச் சொல்லப்பட்ட கார்ல் வைஸ் என்ற இளம் மருத்துவரை மெய்க்காவலர்கள் அங்கேயே சல்லடையாக்கிவிட்டார்கள். இரண்டு நாள் கழித்து லாங் இறந்தார். வயது 42.

தலைவன் போய்விட்டான். அவனை நம்பிய லட்சக்கணக்கானோர் இப்போது எந்தப் பக்கம் போவார்கள்?

* * *

மாமியாருக்காக ஒரு கணக்கு

லாங் இறந்து ஆறு வாரம் கூட ஆகவில்லை. 1935 அக்டோபர் 20 ஞாயிறன்று சுமார் 35 நாளிதழ்களில் ஒரு புதிய பத்தி வந்தது. எழுதியவர் ஜார்ஜ் காலப். ஐயோவா மாநிலத்துக்காரர், விளம்பர நிறுவனத்தில் ஆய்வாளர், 33 வயது.

தேர்தல் கணக்கில் அவர் முதலில் கைவைத்தது 1932-இல், மாமியாருக்காக. ஐயோவாவின் செயலாளர் பதவிக்கு அந்த அம்மாள் நின்றார், வென்றார். மருமகனுக்கு ருசி தட்டிவிட்டது. பிரின்ஸ்டன் நகரில் ஒரு பொதுக்கருத்து நிறுவனத்தைத் திறந்தார்.

நாளிதழ்களில் வந்த அவருடைய முதல் கேள்வி நம் கதையின் நடுவிலேயே வந்து உட்காருகிறது. நிவாரணத்துக்கும் மீட்புக்கும் அரசு செலவழிப்பது அதிகமா, குறைவா, சரியான அளவா?

அதிகம் என்றவர்கள் 60 சதவீதம். சரிதான் என்றவர்கள் 31. குறைவு என்றவர்கள் வெறும் 9.

படித்தவர்கள் திகைத்தார்கள். லாங்குக்கு 75 லட்சம் உறுப்பினர் என்ற நாட்டிலா இது? முதியோர் எல்லாருக்கும் மாதம் 200 டாலர் தரவேண்டும் என்ற கலிஃபோர்னியா மருத்துவர் டவுன்செண்டின் பின்னால் மனு மேல் மனுவாகக் கையெழுத்துப் போட்ட நாட்டிலா?

சில மாதங்களில் காலப் இன்னொன்று கேட்டார். வறிய முதியவர்களுக்கு அரசு ஓய்வூதியம் தரலாமா? ஏறத்தாழ பத்துக்கு ஒன்பது பேர் தரலாம் என்றார்கள்.

அதே நாடுதான். 'நிவாரணம்' என்றால் முகம் சுளித்தது, 'ஓய்வூதியம்' என்றால் தலையாட்டியது. முதல் சொல்லில் சோம்பேறியான ஒருவன் கண்ணில் தெரிந்தான். இரண்டாவதில் தன் அப்பா தெரிந்தார். லாங்குக்கு இந்தச் சூட்சுமம் பேச்சிலேயே கைவந்திருந்தது. 'இலவசம்' என்று அவர் பேசவில்லை, 'பங்கு' என்றார்.

ஆனால் காலப்பை அன்று யார் நம்பினார்கள்? மக்கள் மனதை அறிய அமெரிக்காவில் ஏற்கெனவே ஒரு பெரிய வீடு இருந்தது.

* * *

ஐந்நூறு பேனாக்கள்

லிட்டரரி டைஜஸ்ட் வார இதழ். 1916 முதல் ஐந்து அதிபர் தேர்தல்கள், ஐந்திலும் வென்றவரை முன்கூட்டியே சொன்ன இதழ். 1932-இல் அது சொன்ன கணக்குக்கும் உண்மை முடிவுக்கும் வித்தியாசம் ஒரு சதவீதத்துக்குள். ஜோசியர்கள் பொறாமைப்படும் புள்ளி அது.

1936 ஆகஸ்ட். நியூயார்க்கின் நான்காம் அவென்யூவில், தெருவுக்கு மேலே உயரத்தில் ஒரு பெரிய கூடம். ஐந்நூறு பேனாக்கள் உறைகளின் மேல் கிறுகிறுவென்று ஓடுகின்றன. ஒரு நாளைக்கு இரண்டரை லட்சத்துக்கும் மேல் முகவரிகள். இன்னொரு பக்கம் நானூறு பேர் சீட்டுகளை உறைக்குள் தள்ளிக்கொண்டே இருக்கிறார்கள். இதழே தன் பெருமையாக எழுதிக்கொண்ட காட்சி இது.

மொத்தம் ஒரு கோடிச் சீட்டு.

முகவரிகள் எங்கிருந்து வந்தன? டெலிபோன் டைரக்டரி. கார் பதிவேடு. கிளப் உறுப்பினர் பட்டியல். தபாலில் சாமான் வாங்குவோர் பட்டியல். சில இடங்களில் வாக்காளர் பட்டியல்.

அன்று மூன்று வீட்டில் ஒரு வீட்டுக்குத்தான் டெலிபோன்.

இதைக் காலப் பார்த்தார். டைஜஸ்ட் எடுக்கும் அதே வகைப் பட்டியல்களிலிருந்து சுமார் 3,000 பேருக்கு அட்டை அனுப்பினார். பதிலைக் கூட்டிப் பார்த்துவிட்டு, ஜூலை 12 அன்று எழுதினார்: டைஜஸ்ட் இன்னும் தொடங்காத தன் கணிப்பில் குடியரசுக் கட்சியின் லேண்டனுக்கு 56, ரூஸ்வெல்ட்டுக்கு 44 என்று சொல்லப்போகிறது. அது தப்பாகவும் போகப்போகிறது.

டைஜஸ்ட் ஆசிரியர் வில்ஃப்ரெட் ஃபங்க் கொதித்துப் போனார். நாங்கள் எண்ணத் தொடங்குவதற்கு முன்பே எங்கள் முடிவை இன்னொருவர் அறிவிப்பதா என்று நாளிதழில் கிண்டலாகப் பதில் எழுதினார்.

காலப்பும் சூதாட்டத்தில்தான் இறங்கியிருந்தார். தம் தேர்தல் கணிப்பு பொய்த்தால் நாளிதழ்களுக்குச் சந்தாப் பணத்தைத் திருப்பித் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தார். அவர் நம்பியது ஆட்களை. தபாலுக்குப் பதில் சொல்லாதவர்களைத் தேடிப் பேட்டியாளர்கள் போனார்கள். இத்தனை பேர் வசதியானவர்கள், இத்தனை பேர் நடுத்தரம், இத்தனை பேர் நிவாரணத்தில் வாழ்கிறவர்கள் என்று அவர்களுக்கு அளவு கொடுக்கப்பட்டிருந்தது. ஏழையின் கருத்து தானாக வீடு தேடி வராது. அவன் வாசலுக்குப் போய்த்தான் கேட்கவேண்டும் என்பதைத் தபால் கணக்குகளே அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தன.

* * *

அக்டோபர் 31

1936 அக்டோபர் 31, சனிக்கிழமை. தேர்தலுக்கு மூன்று நாள்.

டைஜஸ்ட்டின் இறுதிக் கணக்கு வெளியாகிறது. லேண்டன் 12,93,669. ரூஸ்வெல்ட் 9,72,897. இருவருக்குள் மட்டும் பார்த்தால் 57-க்கு 43. லேண்டன் 32 மாநிலங்களை வெல்வார்.

அன்றிரவு நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ரூஸ்வெல்ட் பேசுகிறார். ஒன்றுதிரண்ட பணம் தம்மை வெறுப்பதில் ஒருமனதாக இருக்கிறது என்றார். அந்த வெறுப்பைத் தாம் வரவேற்பதாகவும் சொன்னார். அரங்கம் அதிர்ந்தது. பணக்காரர்களின் பகையை இப்படி மாலையாகப் போட்டுக்கொண்டு அமெரிக்க அதிபர் ஒருவர் மேடையேறியதை அந்தத் தலைமுறை பார்த்ததில்லை.

சீட்டுகளின் மக்கள் ஒரு பக்கம். அரங்கத்தின் மக்கள் மறுபக்கம். இரண்டில் எது அமெரிக்கா?

நவம்பர் 3 இரவு பதில் வந்தது. ரூஸ்வெல்ட்டுக்கு 2 கோடியே 77 லட்சம் வாக்கு, 60.8 சதவீதம். 48 மாநிலங்களில் 46 அவர் பக்கம். லேண்டனுக்கு மெய்னும் வெர்மாண்ட்டும் மட்டும் மிஞ்சின. சொந்த மாநிலம் கான்சஸ் கூட அவரைக் கைவிட்டது.

அப்படியானால் லாங்கின் ஆட்கள்? அவருடைய தளபதி ஜெரால்டு ஸ்மித்தும், டவுன்செண்டும், வானொலிப் பாதிரியார் காக்லினும் கைகோத்து நிறுத்திய வேட்பாளர் வில்லியம் லெம்கே. அவருக்கு 90 லட்சம் வாக்கு வாங்கித் தராவிட்டால் வானொலியை விட்டே போய்விடுகிறேன் என்று சவால் விட்டிருந்தார் காக்லின். கிடைத்தது 9 லட்சம்கூட இல்லை. பாதிரியார் விலகினார், சில மாதங்களில் திரும்பியும் வந்தார்.

பங்கு கேட்ட இயக்கம் தோற்றது. பங்கு கேட்ட மனம் வேறு பெட்டியில் போய் வாக்குப் போட்டது.

* * *

பானையின் அடி

டைஜஸ்ட் ஏன் சறுக்கியது?

பணக்காரர் பட்டியலை வைத்துக் கேட்டார்கள், அதனால் சறுக்கியது என்று பாடப்புத்தகம் சொல்லும். சரிதான். ஆனால் அந்தப் பட்டியல் 1932-இலும் ஏறக்குறைய அதே பட்டியல்தானே? அன்று எப்படிப் பலித்தது?

1932-இல் எல்லாருக்கும் கோபம் இருந்தது. காரில் போனவருக்கும் கால்நடையாகப் போனவருக்கும் அன்றைய அதிபர் ஹூவரைப் பிடிக்கவில்லை. பானை முழுக்க ஒரே வேக்காடு. மேலே எடுத்தாலும் கீழே எடுத்தாலும் பதம் ஒன்றுதான். அடுத்த நான்கு ஆண்டுகளில் அடுப்பு மாறிவிட்டது. நிவாரணம், தொழிற்சங்கம், ஓய்வூதியம், வரி என்று ஒவ்வொன்றும் வாக்காளர்களை வருமானத்தின்படி பிரித்தது. மேல் சோறு வேறு, அடிச் சோறு வேறு ஆனது. டைஜஸ்ட் வழக்கம்போல மேலே ஒரு பருக்கை எடுத்து நசுக்கிப் பார்த்தது.

அதாவது டைஜஸ்ட்டின் கருவி முதலிலிருந்தே கோணல். ஏற்றத்தாழ்வு அரசியலாக மாறாதவரை அந்தக் கோணல் யார் கண்ணிலும் படவில்லை.

இன்னொரு பூட்டு அரை நூற்றாண்டு கழித்துத் திறந்தது. காலப் 1937-இல் எடுத்த ஒரு கணக்கெடுப்பில், டைஜஸ்ட்டின் சீட்டு வந்ததா, திருப்பி அனுப்பினீர்களா என்று கேட்டிருந்தார். அந்தப் பதில்களை 1988-இல் அரசியல் அறிஞர் பெவரில் ஸ்கொயர் தோண்டியெடுத்தார். டெலிபோனும் காரும் வைத்திருந்தவர்களில்கூட ரூஸ்வெல்ட்டுக்கே ஆதரவு கூடுதல்! சீட்டு வந்தும் அனுப்பாமல் விட்டவர்கள் பெருமளவு ரூஸ்வெல்ட் பக்கம். கோபக்காரர்கள் உட்கார்ந்து நிரப்பி அனுப்பினார்கள். திருப்தியாக இருந்தவர்கள் மூலையில் போட்டுவிட்டார்கள். அனுப்பிய ஒரு கோடியில் திரும்பி வந்தது 23 லட்சத்துச் சொச்சம். மிச்சமிருந்த முக்கால் கோடி மௌனத்தை யாரும் படிக்கவில்லை.

டைஜஸ்ட் தன் முகம் சிவந்ததைத் தானே ஒப்புக்கொண்டு அடுத்த இதழை வெளியிட்டது. 1938-இல் அதன் கதை முடிந்தது.

காலப் நட்சத்திரமானார். ஆனால் அவருடைய கணக்கையும் உற்றுப் பாருங்கள். அவர் ரூஸ்வெல்ட்டுக்குச் சொன்னது 55.7. வந்தது 60.8. வென்றவரைச் சரியாகச் சொன்னதால் யாரும் கேட்கவில்லை. அவர் தவறியதும் டைஜஸ்ட் தவறிய அதே திசையில்தான். வாசலுக்கு ஆள் அனுப்பியும் அடிச் சோறு முழுதாக அகப்பைக்கு வரவில்லை.

சில வாசல்களுக்கு ஆள் போகவே இல்லை. காலப் எண்ணியது வாக்களிக்கப்போகிறவர்களை. தெற்கில் தேர்தல் வரியாலும் எழுத்தறிவுத் தேர்வாலும் மிரட்டலாலும் வாக்குச்சாவடிக்கு வெளியே நிறுத்தப்பட்ட கறுப்பின மக்கள் அந்தக் கணக்கில் அநேகமாக இல்லை. ஓய்வூதிய வலையின் ஓட்டை வழியாக விழுந்த அதே பருத்திக் காட்டுக் கூலிகள், பொதுக்கருத்தின் ஓட்டை வழியாகவும் விழுந்தார்கள். சட்டம் அவர்களைச் சேர்க்காததற்குப் பொதுமக்களிடம் எதிர்ப்பு இருந்ததா என்று பார்க்கலாம் என்றால், அந்தப் 'பொதுமக்களில்' அவர்களே இல்லை.

* * *

ஐம்பத்தேழு நாள்

வெற்றிக் கொண்டாட்டம் ஓய்ந்தது. நவம்பர் போய் டிசம்பர் வந்தது.

1936 டிசம்பர் 30. மிச்சிகனின் ஃபிளின்ட் நகரம். ஜெனரல் மோட்டார்ஸின் ஃபிஷர் பாடி ஆலை. இரவு வேலைக்காரர்கள் இயந்திரங்களை நிறுத்தினார்கள். வழக்கமான வேலைநிறுத்தமென்றால் வாசலுக்கு வெளியே வந்து கோஷம் போடுவார்கள். இவர்கள் வெளியே வரவில்லை. கார் இருக்கைக்கென்று வைத்திருந்த மெத்தைகளை இழுத்துப் போட்டு, ஆலைக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

தொழிற்சங்க உரிமையைச் சட்டமாக்கிய அதிபருக்கு 60.8 சதவீதம் கொடுத்த நாடு அது. 57 நாளுக்கு முன்னால்தான் கொடுத்தது. காலப்பின் ஆட்கள் மறுபடி பென்சிலோடு தெருவில் இறங்கினார்கள். இந்த முறை வாசல் வாசலாகக் கேட்கவேண்டிய கேள்வி வேறு: அடுத்தவன் ஆலைக்குள் உட்கார்ந்துகொண்டு பங்கு கேட்பவன் பக்கமா நீங்கள், ஆலைக்காரன் பக்கமா?

பணக்காரர் மேல் வரி போட்டபோது கைதட்டிய அந்தக் கைகள், இப்போது யாருக்காக உயரும்?

(அடுத்த வாரம்)